சாயப்பட்டறைக்காரரோடு ஃப்ளோரன்ஸ்

ஃப்ளோரன்ஸ் போகிறேன் என்றதும் ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். டேவிட் சிலை, உஃபிட்சி ஓவியங்கள், பொன்டே வெக்கியோ பாலத்தில் சாயங்காலம் ஒரு போட்டோ. எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகியும் நினைவில் நிற்பது என்னோடு வந்த சித்தப்பா காட்டிய ஊர்தான்.

சித்தப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருந்தார். சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலக்கிறது என்று 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் பட்டறைகளெல்லாம் மூடினார்கள் இல்லையா, அப்போது இவரும் மூடினார். அப்புறம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்கு போட்டுத் திறந்தவர்கள் திறந்தார்கள், இவர் திறக்கவில்லை. தோட்டம், பேரப்பிள்ளைகள், வாரம் ஒரு நாள் சென்னிமலை என்று இருந்தவர், ஃப்ளோரன்ஸில் நடக்கும் நூல் கண்காட்சிக்கு நான் போவதைக் கேள்விப்பட்டு, "நானும் ஒருக்கா வாரேன் கண்ணு, செலவு என்னுது" என்றார். மிலானில் இறங்கி அங்கிருந்து இரண்டு மணி நேர ரயில். கண்காட்சி ஒரே நாளில் முடிந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கையில் மூன்று நாள் இருந்தது.

ஜூன் கடைசி. வெயில் நம்ம ஊர் சித்திரையைத் தோற்கடிக்கும். கல் பாவிய தெருக்கள், இரண்டு பக்கமும் கல் கட்டடங்கள், மரம் என்று ஒன்று கண்ணில் படாது. ஊர் வெயிலுக்குத் தப்பி வந்தவன் இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு நல்ல விஷயம், சிஞ்ஞோரியா சதுக்கத்தில் பொதுக் குழாய் இருக்கிறது, சாதாத் தண்ணியும் சோடா மாதிரித் தண்ணியும் சும்மாவே பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் கதீட்ரல். பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்புப் பளிங்கில் அத்தனை பெரிய கட்டடத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "இத யாரு கட்டுனது, ராசாவா?"

"இல்லீங் சித்தப்பா, கம்பளித் துணிக்காரங்க சங்கம்."

நம்பவில்லை. உண்மை அதுதான். ஆர்த்தே தெல்லா லானா என்ற கம்பளி உற்பத்தியாளர் சங்கம் 1331ல் இந்தக் கோயில் கட்டுமானப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. கொடி பிடித்த ஆட்டுக்குட்டிதான் அவர்கள் சின்னம், கோயிலைச் சுற்றி நடந்தால் அங்கங்கே செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். "அப்ப ஓனர்மாருக சங்கம் கட்டுன கோயலு. ஆட்டுக்குட்டி லோகோவா?" என்று சிரித்தவர், அதன்பிறகு மூன்று நாளும் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஆட்டுக்குட்டியைத் தேடினார்.

கோயில் உச்சியில் இருக்கும் டூமின் மேலே போக 463 படி. நேரம் குறித்து முன்பதிவு செய்தாக வேண்டும். சென்னிமலையில் 1,320 படி ஏறுகிற மனிதர், "அங்க மேல முருகன் இருக்கறாரு, இங்க என்ன இருக்குது" என்று நிழலில் உட்கார்ந்துவிட்டார். நான் ஏறினேன். இந்த டூமுக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு ஓடு, நாம் ஏறுவது இரண்டுக்கும் நடுவில். இடுக்கில், மங்கலான வெளிச்சத்தில் செங்கல்லைக் கையால் தொட்டுக்கொண்டே போகலாம். கிடைமட்டமாகப் போகிற வரிசைக்கு நடுநடுவே நட்டுக்குத்தலாக ஒரு செங்கல், மீன்முள் மாதிரிச் சாய்ந்து சாய்ந்து மேலே போகிறது. கீழிருந்து முட்டுக் கொடுக்காமல் எழுப்பினார்கள் என்பதன் ரகசியத்தில் பாதி இந்த அடுக்குமுறைதான், ஈரம் காயும்வரை நட்டுக்கல் மற்ற கல்லைச் சரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். புருனெல்லெஸ்கி 1420ல் ஆரம்பித்து 1436ல் முடித்தார். மேலே காற்று நன்றாக இருந்தது, ஓட்டுக்கூரைகளாக ஊர் மொத்தமும் தெரிந்தது. இறங்கும்போது முழங்கால் ஆடியது.

டேவிட் சிலைக்கு வருவோம். கூட்டம், வரிசை, வியர்வை, ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். அழகுதான், அதைச் சொல்ல நான் வேண்டாம். ஆனால் இதற்கும் ஆர்டர் கொடுத்தது அதே கம்பளிச் சங்கமும் கோயில் கமிட்டியும் என்று சொன்னதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். 1501ல் ஒப்பந்தம், மாதம் ஆறு தங்க ஃப்ளோரின் சம்பளம், இரண்டு வருஷத்தில் முடித்துத் தர வேண்டும். சிலை நின்றது 1504ல். "ஷிப்மென்ட் லேட்டு. டெபிட் போட்டாங்களா?" போடவில்லை, கூட்டித்தான் கொடுத்தார்கள். அதைவிட அவருக்குப் பிடித்தது கல்லின் கதை. வேறு ஒரு சிற்பி செதுக்க ஆரம்பித்துக் கைவிட்ட கல் அது, பல பத்தாண்டுகள் கோயில் முற்றத்தில் சும்மா கிடந்தது. அந்தக் கல்லைத்தான் இருபத்தாறு வயது மிக்கேலாஞ்சலோவிடம் தள்ளினார்கள். "டெட் ஸ்டாக்கு. செகண்ட்ஸ எடுத்து எக்ஸ்போர்ட் பீஸு பண்ணிப்போட்டான்" என்று சிலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி அவரைப் பார்த்து அவரும் கும்பிட்டார்.

ஊர் பூராவும் துணிதான், தெருப் பெயரைப் படித்தாலே போதும். கதீட்ரலில் இருந்து ஆற்றுப் பக்கம் போகும் பெரிய கடைத்தெரு வியா தே கால்த்சயுயோலி, காலுறை தைப்பவர்கள் தெரு. அதை ஒட்டி வியா தேய் சிமத்தோரி, துணியின் மேல் எழும்பும் மயிரைக் கத்தரிப்பவர்கள் தெரு, நாம் ஷியரிங் என்கிறோமே அதுவேதான். கலிமாலா தெருவில் இருந்த சங்கம் பிரான்ஸ், ஃபிளாண்டர்ஸ் பக்கமிருந்து முரட்டுத் துணியை வாங்கி வந்து, இங்கே சாயம் போட்டு, ஃபினிஷிங் செய்து, அதிக விலைக்குத் திருப்பி விற்றது. சித்தப்பா "ஜாப் ஒர்க்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். கூலிக்குச் செய்கிற ஜாப் ஒர்க் இல்லை, சொந்த முதலில் செய்த வியாபாரம் என்று நான் திருத்தப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. வில்லானி என்ற அந்த ஊர்க்காரர் எழுதி வைத்த கணக்குப்படி 1338ல் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பளிப் பட்டறைகள், முப்பதாயிரம் பேருக்குமேல் அதை நம்பிப் பிழைத்தார்கள்.

பக்கத்திலேயே மெர்காத்தோ நுவோவோ என்ற சந்தை மண்டபம். தோல் பை விற்கும் கடைகள், வெண்கலக் காட்டுப்பன்றி, அதன் மூக்கைத் தேய்த்தால் யோகம் என்று ஒரு கூட்டம். பன்றியை விடுங்கள், மண்டபத்தின் நடுவில் தரையைப் பாருங்கள். வண்டிச் சக்கரம் மாதிரி வட்டமாக ஒரு பளிங்குக் கல். கடன் வாங்கி மஞ்சக் கடுதாசி கொடுத்த வியாபாரியை இங்கே கூட்டி வந்து, கால்சட்டையை அவிழ்த்து, இந்தக் கல்லில் உட்கார வைத்து இடிப்பார்களாம், மூன்று முறை. சித்தப்பா அந்தக் கல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நம்மூருல ஒண்ணு போட்டா நெம்ப வரிசை நிக்கும்" என்றார். யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரியும், அவருக்குப் பதினாறு லட்சம் நிலுவை வைத்துவிட்டுப் போனவர், பெயர் வேண்டாம்.

இனிச் சாப்பாடு.

ஃப்ளோரன்ஸ் இருக்கும் தோஸ்கானா பகுதியின் ரொட்டியில் உப்புக் கிடையாது. முதல் நாள் ராத்திரி மேசையில் வைத்த ரொட்டியைக் கடித்துவிட்டுச் சமையல்காரர் மறந்துவிட்டார் என்றே நினைத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, நூற்றாண்டுகளாக இப்படித்தான். பிசா என்ற பக்கத்து ஊர்க்காரர்கள் உப்பை மறித்தார்கள், உப்பு வரி அதிகம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். இந்த ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட கவிஞர் தாந்தே, அடுத்தவன் ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும் என்று எழுதியது நாடு கடத்தலின் வலியைச் சொல்லத்தான், ஆனால் இந்த ரொட்டியைத் தின்றால் அது நாக்கிலும் புரிகிறது. ரொட்டிக்கு என்று தனியாகக் காசும் வாங்குகிறார்கள், கோபர்த்தோ, தலைக்கு இரண்டு மூன்று யூரோ. உட்கார்ந்தாலே வரும் கட்டணம் அது. காபியும் அப்படித்தான், கல்லாவுக்கு முன் நின்று குடித்தால் ஒரு விலை, நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு விலை. இது தெரிந்தபிறகு நாங்கள் நின்றே குடித்தோம், டீக்கடை பழக்கம்தானே.

இரண்டாம் நாள் மதியம், சான்த் அம்ப்ரோஜோ சந்தைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் பன்சனெல்லா வாங்கினோம். பழைய ரொட்டியைத் தண்ணியில் ஊறவைத்து, பிழிந்து, உதிர்த்து, அதில் தக்காளி, சிவப்பு வெங்காயம், வெள்ளரி, துளசி வகை இலை, வினிகர், ஆலிவ் எண்ணெய். ஜில்லென்று கொடுத்தார்கள். சித்தப்பா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, மென்று, விழுங்கி, "பழைய சோறுடா" என்றார். நீராகாரம் மட்டும் இல்லை. புளிப்புக்கு மோருக்குப் பதில் வினிகர், கடித்துக்கொள்ள வேண்டிய வெங்காயம் உள்ளேயே கிடக்கிறது, மற்றபடி கம்மஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனவர்களின் சாப்பாடு அது. குளிர்காலத்தில் போனால் ரிபொல்லீத்தா கிடைக்குமாம், பழைய ரொட்டியும் கறுப்பு முட்டைக்கோஸ் கீரையும் வெள்ளை மொச்சை மாதிரி ஒரு பயறும் போட்ட குழம்பை மறுநாள் திரும்பக் கொதிக்க வைப்பது. பெயரின் பொருளே திரும்பக் கொதித்தது. சுண்டக் குழம்பு என்று நாம் வைத்திருக்கிறோம்.

தள்ளுவண்டியில் லம்ப்ரெதோத்தோ. குடல் மாதிரி வாசம் வந்ததும் சித்தப்பா கிட்டப் போய்விட்டார். கடைக்காரர் கொதிக்கும் சட்டியில் இருந்து எடுத்துப் பலகையில் வைத்து நறுக்குகிறார், ரொட்டியின் மேல் மூடியைக் குழம்பில் ஒரு முக்கு முக்கி, பச்சைச் சட்னி, காரம் தடவி மூடிக் கொடுக்கிறார்.

"ஆட்டுக்கொடலா?"

"இல்லீங். மாடு. நாலாவது வயிறு."

இரண்டு எட்டு பின்னால் போனார். "நீ தின்னு. நான் அக்கட்டால பாத்துட்டு இருக்கறேன், வீட்டுல கேட்டா நான் பாக்கல." தின்றேன். போட்டிக் கறியின் அதே வழுவழுப்பு, மிளகு மட்டும் கம்மி. அம்மிச்சி இந்தப் பதிவைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஏமாந்த கதையும் உண்டு. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் கடை, விலைப் பலகை இல்லை, மலை மாதிரிக் குவித்து வைத்திருந்தார்கள். இரண்டு கோன் கேட்டேன், இருபத்தாறு யூரோ பில். சண்டை போட இத்தாலி மொழி தெரியாது. சித்தப்பாதான் பிஸ்தா ஐஸ்கிரீமைக் காட்டி, "அந்தப் பச்சையப் பாத்தப்பவே சொல்லோணும்னு நெனச்சேன், அது பிஸ்தா கலரில்ல, டப்பாச் சாயம்" என்றார். மறுநாள் உள்தெருவில் நல்ல கடையில் பார்த்தோம். மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது, பிஸ்தா என்றால் மங்கலாக, பழுப்பு கலந்த பச்சை. போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

கடைசி நாள் பலாத்சோ வெக்கியோ, அந்தக் காலத்தில் ஊர் ஆட்சி நடந்த மாளிகை. பெரிய மண்டபத்தின் மூலையில் ஜன்னலே இல்லாத ஒரு குட்டி அறை, இளவரசர் பிரான்செஸ்கோவுக்காக 1570 வாக்கில் செய்தது, சுவரெல்லாம் ஓவியம். அதில் ஒன்று மிராபெல்லோ கவலோரி வரைந்த கம்பளிப் பட்டறை. பெரிய கொப்பரை, அடியில் நெருப்பு, சுற்றிலும் மேல்சட்டை இல்லாமல் வேலை செய்கிற ஆட்கள். எல்லோரும் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு போக, சித்தப்பா மட்டும் வாசலில் நின்றுவிட்டார். ரொம்ப நேரம். நான் போய்த் தோளைத் தொட்டேன்.

"எங்க பட்டறையில மொதல்ல வின்ச்சு மிஷினுகூடக் கெடையாது கண்ணு. இதே மாதிரித்தான், தொட்டி, வெறகு, குச்சி. கையி முழங்கை வரைக்கும் ஒரு வாரம் கலரு போகாது. கல்யாணத்துக்கு முழுக்கைச் சட்ட போட்டுட்டுப் போவேன்."

அந்தக் காலத்து ஆட்களுக்குச் சங்கம் இருந்ததா என்று கேட்டார். சொன்னேன். கூலிக்காரர்கள் சங்கம் வைக்கவே கூடாது, 1345ல் அதற்கு முயன்ற சூத்தோ பிராந்தினி என்ற தொழிலாளியைத் தூக்கில் போட்டார்கள். 1378ல் சோம்ப்பி என்ற கம்பளித் தொழிலாளர்கள் கிளம்பி இந்தக் கட்டடத்தையே பிடித்தார்கள், கம்பளி சிக்கெடுக்கிற வேலை பார்த்த மிக்கேலே தி லாண்டோ ஊர்த் தலைவரானார். புதிதாக மூன்று சங்கம் வந்தது. அடிமட்டத் தொழிலாளிகளின் சங்கத்தைச் சில வாரத்திலேயே கலைத்துவிட்டார்கள். சாயக்காரர்கள் சங்கம் 1382 வரை தாக்குப்பிடித்தது.

"நாலு வருசம்," என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் கோர்சோ தேய் தின்தோரி போனோம், சாயக்காரர் தெரு. சாந்தா குரோச்சே தேவாலயத்துப் பக்கம், ஆற்றை ஒட்டி. இப்போது சாதாரணக் குடியிருப்பும் கடைகளும்தான், ஒரு சொட்டுச் சாயம் இல்லை. ஆர்னோ ஆறு பச்சையாக, கோடைக்கு வற்றி, சத்தமில்லாமல் கிடந்தது. ஒரு காலத்தில் சாயத் தண்ணியெல்லாம் அதில்தான். பொன்டே வெக்கியோவில் இருந்த கறிக்கடைகளும் அதில்தான் கொட்டின, நாற்றம் தாங்காமல் 1593ல் அவர்களைக் காலி செய்து நகைக்கடைகளைக் கொண்டுவந்தார்கள், இன்றும் நகைக்கடைதான். சித்தப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணியையே பார்த்தார். நொய்யலைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "மீனு இருக்குதுடா" என்றார். இருந்தது, பெரிதாகவே.

ஊருக்குக் கிளம்பும்போது அவர் வாங்கியது ஒரு முழு ரொட்டி, அந்த உப்பில்லாததே. வீட்டுக்கு வருவதற்குள் கல்லாகிவிட்டது. சித்தியிடம் கொடுத்து, தண்ணியில் ஊறவை, பிழி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போடு, வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சம்பழம் பிழி என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டே சொன்னாராம். சித்தி எல்லாம் செய்துவிட்டு ஒரு வாய் வைத்துப் பார்த்திருக்கிறார். நேராக உள்ளே போய் உப்புச் சாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.