விடு என்றால் விட வேண்டும்: கலிஃபோர்னியாவில் ஒரு காவல் நாயுடன் சான்றிதழ் பெற்ற அனுபவம்

கலிஃபோர்னியாவில் ரோந்துப் பணியில் சில ஆண்டுகள் இருந்த பிறகு, நாய்ப் பிரிவில் ஹேண்ட்லராக, அதாவது நாயைக் கையாளும் காவலராகச் சேர விண்ணப்பித்துத் தேர்வானேன். எனக்கு ஒதுக்கப்பட்டது, நெதர்லாந்தில் அடிப்படைப் பயிற்சி பெற்று வந்த பெல்ஜியன் மாலினாய் இனத்து நாய் ஒன்று. ரோந்துக்கான சான்றிதழையும், பின்னர் ஆபத்தான சூழல்களைக் கையாளும் சிறப்பு ஆயுதக் குழுவான ஸ்வாட் குழுவுடன் இயங்குவதற்கான தகுதியையும் நாங்கள் இருவரும் பெற்ற விதத்தைப் பதிவு செய்கிறேன். போதைப்பொருளையும் வெடிபொருளையும் மோப்பம் பிடிக்கும் நாய்களுக்கான பயிற்சியும் சட்டமும் வேறு என்பதால் அவற்றைத் தொடவில்லை.

பயிற்சி மைதானத்தில் தொடங்கும் என்று எதிர்பார்த்தேன், வகுப்பறையில்தான் தொடங்கியது. முதலில் காட்டப்பட்டவை, 1963-இல் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் சம உரிமை கேட்டு ஊர்வலம் சென்றவர்கள் மீது காவல் நாய்கள் ஏவப்பட்ட புகைப்படங்கள். ஆட்களைப் பிடிக்கவும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் காவல் நாய்களைப் பயன்படுத்தத் தடை கோரி 2023-இல் கலிஃபோர்னியச் சட்டமன்றத்தில் வந்த மசோதாவுக்கு அந்த வரலாறும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. மசோதா நிறைவேறவில்லை என்றாலும், நீதிமன்றத்தில் நம் நாய் பற்றிய வழக்கைக் கேட்கும் நடுவர்குழு உறுப்பினரின் மனத்தில் அந்தப் படங்கள் இருக்கும் என்பதை நினைவில் வைக்கச் சொன்னார்கள். அது நியாயமான அறிவுரை என்றே எனக்குத் தோன்றியது.

நாய் கடிப்பது சட்டத்தின் பார்வையில் காவலர் பலத்தைப் பயன்படுத்துவதுதான். ஆகவே 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் வகுத்த அளவுகோலே இதற்கும் பொருந்தும்: சந்தேகிக்கப்படும் குற்றம் எவ்வளவு கடுமையானது, அந்த நபரால் காவலருக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து உண்டா, அவர் எதிர்க்கிறாரா அல்லது தப்பியோட முயல்கிறாரா என்பவற்றை, அந்த இடத்தில் அந்தக் கணத்தில் இருந்த நியாயமான ஒரு காவலரின் நிலையில் நின்று எடைபோட வேண்டும். கடைத்திருட்டுச் சந்தேகத்தில் ஓடும் ஒருவரையும், ஆயுதத்துடன் கொள்ளையடித்துவிட்டு இருட்டில் பதுங்கியிருக்கும் ஒருவரையும் நாய் வேறுபடுத்திப் பார்க்காது. அந்த வேறுபாட்டைக் காண வேண்டியது வாரைப் பிடித்திருப்பவரின் பொறுப்பு.

மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகளையே நாங்கள் விரிவாகப் படித்தோம். 2010-இல் சான் டியாகோவில் அபாய மணி ஒலித்த ஓர் அலுவலகத்துக்குள், உரக்க எச்சரித்த பிறகு, வாரில்லாமல் நாய் அனுப்பப்பட்டது. உள்ளே சோபாவில் உறங்கிக்கொண்டிருந்தவர் அங்கேயே பணிபுரியும் பெண். நாய் அவருடைய உதட்டைக் கடித்தது. அவர் நகரத்தின் மீது தொடுத்த வழக்கில், 2016-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாகவும், 2017-இல் கூடுதல் நீதிபதிகள் கொண்ட விரிவான அமர்வு நகரத்துக்குச் சாதகமாகவும் தீர்ப்பளித்தன. ஒரே சம்பவத்தை நீதிபதிகளே இரு விதமாகப் பார்க்கும்போது, எச்சரிக்கை கொடுக்கப்பட்டது என்பதற்கான சான்று எவ்வளவு முக்கியம் என்பது விளங்கியது. காவல்துறை வந்திருக்கிறது, நாய் இருக்கிறது, வெளியே வராவிட்டால் கடிபடுவீர்கள் என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அறிவிப்பதும், பதில் வருவதற்கு நேரம் கொடுப்பதும், கட்டடத்தின் மறுபுறம் நிற்கும் காவலர் தமக்கு அது கேட்டதாக வாக்கி-டாக்கியில் உறுதிசெய்வதும் எங்கள் பிரிவின் நடைமுறை. அறிவித்தால் உயிருக்கு ஆபத்து நேரும் என்ற சூழலில் அதைத் தவிர்க்கலாம். ஆனால் காரணத்தை அறிக்கையில் எழுத வேண்டும்.

கடி எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அடுத்த கேள்வி. வாஷிங்டன் மாநிலத்தில் இருண்ட மரக்கூட்டத்துக்குள் தப்பியோடியவரை நாய் 45 முதல் 60 வினாடிகள் வரை பிடித்திருந்ததை, அந்தச் சூழலைக் கருதி, 2003-இல் இதே நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஓக்லாந்து வழக்கில், 1998-இல், பிடிபட்டவர் கைகளைக் காட்டும் வரை கடியைத் தொடரவிட்டது மிகையான பலமாக இருக்கலாம் என்றது. இங்கே என் சொந்தக் கருத்து ஒன்றுண்டு. கடிபடும் மனிதர் அசையாமல் இருக்க மாட்டார். வலியில் உதறுவார், நாயைத் தள்ளுவார். அதை எதிர்ப்பு என்று அறிக்கையில் எழுதுவது எளிது, ஆனால் உண்மை ஆகாது.

இதனால்தான் பயிற்சியில் பெரும்பங்கு, கடியை விடவைப்பதற்கே போனது. மாலினாய்க்குக் கடி என்பதே பரிசு. கிடைத்த பரிசை அது ஏன் விட வேண்டும்? டிகாய் எனப்படும், தடித்த கவச உடையில் குற்றவாளியாக நடிக்கும் பயிற்சியாளர், கடிபட்டதும் ஓரளவு போராடிவிட்டு மரக்கட்டையாக நின்றுவிடுவார். நான் “லோஸ்” என்று டச்சு மொழியில் ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். நாய் விட்டால், சிறிது காத்திருப்புக்குப் பின் மறுபடி கடிக்க அனுமதி கிடைக்கும்; விட்டால் இழப்பில்லை என்று அது கற்றுக்கொள்கிறது. பிறகு படிப்படியாக டிகாய் அசைந்துகொண்டும் கத்திக்கொண்டும் இருக்கும்போதே விடப் பழக்கினோம். ஆயுதம் இருக்கக்கூடும் என்ற நிலையில் தூரத்திலிருந்து சொல்லால் விடுவிப்பது ஆபத்து என்பதால், மறைவோடு நெருங்கிக் கழுத்துப்பட்டையைத் தூக்கிக் கையால் பிரித்தெடுக்கவும் கற்றோம். எல்லாவற்றிலும் கடினமானது, ஓடுபவரை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும் நாயைப் பாதி வழியில் திரும்ப அழைப்பது. ஓடியவர் திடீரென நின்று கைகளை உயர்த்திவிட்டால், அந்த ஒரு திறன் மட்டுமே கடியைத் தடுக்கும்.

கண்டதும் கடிக்கும் முறை, கண்டதும் நின்று குரைக்கும் முறை என்று இரண்டு உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை 1990-களில் வழக்குகளுக்குப் பிறகு இரண்டாவதற்கு மாறியது. எங்கள் பிரிவில் முதல் முறைதான் வழக்கம். அதனாலேயே திரும்ப அழைப்பதில் விட்டுக்கொடுப்பதில்லை.

ஸ்வாட் குழுவுடன் சேர்ந்தபோது சிக்கல் வேறாக இருந்தது. பரபரப்பில் இருக்கும் நாய், அருகில் அசையும் யாரையும் கடித்துவிடும். அந்த யாரோ பெரும்பாலும் சக காவலராகவே இருப்பார். எனவே வாயில் மூடியுடன் குழுவினரின் கால்களுக்கிடையே படுக்கவைத்தோம். அவர்கள் தாண்டி நடந்தார்கள், வேலிக்கு மேலாக அதைத் தூக்கிக் கைமாற்றினார்கள், அருகிலேயே வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டார்கள், ஃப்ளாஷ் பேங் எனப்படும், பெரும் ஒளியும் ஓசையும் எழுப்பும் குண்டுகளை வெடிக்கச் செய்தார்கள். வாயுமுகமூடி அணிந்தவுடன் பழகிய முகங்களும் அதற்கு அந்நியமாகிவிட்டதால், அந்த நிலையை மட்டும் பல வாரங்கள் தனியாகப் பயின்றோம்.

சான்றிதழ்த் தேர்வு, எதிர்பார்த்ததை விட அமைதியாக முடிந்தது. கீழ்ப்படிதல், திறந்தவெளித் தேடல், கட்டடத் தேடல், பிடித்தல், விடுதல், திரும்ப அழைத்தல், ஹேண்ட்லரைக் காத்தல் ஆகியவற்றை வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் பார்த்தார்.

கலிஃபோர்னிய உரிமையியல் சட்டத்தின் 3342-ஆம் பிரிவு, நாய் யாரையாவது கடித்தால் உரிமையாளர் தவறே செய்யாவிட்டாலும் பொறுப்பு என்கிறது. காவல் பணியில் இருக்கும் நாய்க்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் நாயின் பயன்பாடு குறித்துத் துறை எழுத்துபூர்வமான கொள்கை வகுத்திருந்தால்தான் அந்த விலக்கு செல்லும், குற்றத்தோடு தொடர்பில்லாத வழிப்போக்கரைக் கடித்தால் செல்லாது. இந்தப் பணிக்கு வர நினைப்பவர்கள் முதலில் தங்கள் துறையின் அந்த ஆவணத்தைக் கேட்டுப் படிப்பது நல்லது.

சான்றிதழுக்குப் பிறகும் மாதம் 16 மணி நேரப் பயிற்சி என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அன்றைய பயிற்சிகளையும், நாய் விடாத தடவைகளையும், அதற்குச் செய்த திருத்தத்தையும் பதிவேட்டில் எழுதுகிறோம். வழக்கு வந்தால் எதிர்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கும் ஆவணங்களில் அதுவும் ஒன்று. மாதக் கடைசியில் எங்கள் சார்ஜெண்ட் அதில் கையெழுத்திடுவார். தோல்வி எதுவும் எழுதப்படாத மாதமாக இருந்தால், காரணம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பார்.