மூன்றாவது பெல்ட்டும் ஒரு காபிக் குச்சியும்

நேற்று இரவு 11 மணிக்கு, நானே கையால் செய்யும் மூன்றாவது தோல் பெல்ட்டின் விளிம்பு ஒருவழியாகப் பளபளத்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். காட்டுவதற்கு ஆள் இல்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டும் கெட்டதற்கு என் கைதான் காரணம் என்று நினைத்திருந்தேன். சேலத்தில் செருப்புச் சாமான் விற்கும் ஒரு கடையில் கிலோ கணக்கில் வெட்டுத்துண்டு வாங்கியிருந்தேன். "மரப்பட்டையில் பதனிட்டதுதான் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போங்கள்" என்றார் கடைக்காரர். அப்படித்தான் எடுத்து வந்தேன். 220, 400, 800 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்தும் ஓரம் பஞ்சாகவே நின்றது. ஒருநாள் புது பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலும் கீழும் பழுப்பு, நடுவே சாம்பல் நீலத்தில் ஒரு கோடு. பட்டைக்குப் பதில் குரோம் உப்பில் பதனிட்ட தோல்! ஆயுள் முழுக்கத் தேய்த்தாலும் அது இறுகாது.

பிறகு அசல் பட்டைத் தோல் தேடி, ஜோலார்பேட்டை வழியாக வாணியம்பாடிக்கு ரயில் ஏறினேன். தோல் மண்டியில் அறுத்துத் தரமாட்டார்கள். எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும். எருமைத் தோல், சதுர அடி 140 ரூபாய். பின்பக்கம் சதுர அடிக் கணக்கை 18 என்று எழுதி, அந்த எண்ணின் தோளுக்கு மேல் சின்னதாக ஒரு 3 போட்டிருந்தது. 18.3 என்று மனக்கணக்குப் போட்டு 2,562 ரூபாயை எண்ணி நீட்டினேன். "அது பதினெட்டே முக்கால் தம்பி" என்று சிரித்தார் பாய். இன்னும் 63 ரூபாய் போயிற்று. ஊருக்கு வந்து நண்பர்கள் இருவரோடு பங்கு போட்டபோது, தேநீர் போடப் போன நேரத்தில் முதுகுப் பக்கத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இழுத்தால் நீளும் வயிற்றுப் பக்கம் எனக்கு. பெல்ட்டுக்கு மட்டும் சண்டை போட்டு ஒரு நீளத் துண்டு வாங்கினேன்.

இனி விளிம்பு. சூட்சுமம் முழுக்க ஈரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் தொட்டவுடன் தேய்த்தால் ஓரம் காளான்போல் மடிந்து விரிகிறது. காய்ந்தபின் தேய்த்தால் ஒன்றுமே நடப்பதில்லை. நனைந்த தோல் பழைய நிறத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும், ஆனால் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். அந்த ஐந்தாறு நிமிடம்தான் நம்முடையது. கடையில் விற்கும் பசைக்குப் பதில் மரவள்ளி மாவில் காய்ச்சிய கஞ்சியை மெல்லத் தடவினேன். ஜவ்வரிசி ஊரான சேலத்தில் இதற்கா பஞ்சம்? (மூன்றாம் நாள் புளித்து நாறும். அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.) தேய்க்க, ஏற்காட்டில் கவாத்து செய்து போட்ட காபிக் கிளை ஒன்று. பட்டையை உரித்து, நடுவே பள்ளம் எடுத்தேன். முதலில் கரகரவென்றது. நாற்பது, ஐம்பது தேய்ப்புக்குப் பிறகு சத்தமே அடங்கி, குச்சி தானாக வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு தேன்மெழுகு, பழைய ஜீன்ஸ் துணி.

ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. கத்தி தீட்டிய இரும்புத்தூள் ஈரத்தோலில் விழுந்திருக்கிறது. பட்டைத் தோலுக்கும் இரும்புக்கும் ஆகாது. இரும்புத்தாது உள்ள கஞ்சமலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். புள்ளி விழுந்த இடம் பக்கிளுக்கு அடியில் மறையும்படி வைத்துக்கொள்ளலாம்.

வயிற்றுப் பக்கத்தைச் சாவிக்கொத்து உறைகளாக வெட்டப் போகிறேன். அடுத்த மாதம் ஈரோடு போய் உள்பக்கத்துக்கு ஆட்டுத் தோல் பார்க்க வேண்டும், இந்த முறை பையில் பிளேடோடு. பெல்ட்டுக்கு இன்னும் துளைகூடப் போடவில்லை.