கூடுதல் மணி, யார் கணக்கில்?

மார்ச் 3, 2025, திங்கள்

எங்கள் சாஃப்ட்வேரின் ரிலீஸ் தேதியை முன்னால் இழுத்துவிட்டார்கள். வேலை அப்படியேதான் இருக்கிறது, நாள்தான் குறைந்திருக்கிறது. "இந்த மாசம் கொஞ்சம் ஸ்ட்ரெட்ச் பண்ணிடுவோம்" என்றார் மேனேஜர். போன ரிலீஸுக்கும் இதே வசனம்தான்.

ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். எங்களுக்கு ஓவர்டைம் காசு கிடையாது. வாரம் 40 மணி நேரத்துக்குப் பேசிய சம்பளத்துக்கு 60 மணி நேரம் உழைத்தால், ஒரு மணி நேரக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. சம்பளத்தை இப்படி வெட்டப்போவதாக யாராவது அறிவித்தால் கொதித்துப்போவோம். நாமே வெட்டிக்கொண்டால் அதற்குப் பெயர் அர்ப்பணிப்பு!

மார்ச் 5, புதன்

ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் பழைய பதிவேடுகளைத் தோண்டியிருக்கிறார். வாரம் 50 மணி நேரத்தை நெருங்கியபின் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் பலன் குறைந்துகொண்டே போகிறது. 70 மணி நேரம் உழைத்தவர்கள் செய்து முடித்தது, 56 மணி நேரம் உழைத்தவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகமில்லை.

அங்கே செய்த பொருளை எண்ணிப் பார்க்க முடிந்தது. நம் தொழிலில் அதுவும் முடியாது. தூக்கக் கலக்கத்தில் எழுதிய புரோகிராம் அன்றைக்கு 'முடிந்தது' என்ற கணக்கில் ஏறிவிடும். அதிலிருக்கும் பிழை பின்னால் முளைக்கும்போது வேறொருவருடைய நேரத்தைத் தின்னும். அதனால் நம் நிலைமை அந்தத் தொழிற்சாலையைவிட மோசம் என்றே நினைக்கிறேன். தொடர்ந்து 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் அளவுக்கு இறங்கிவிடுவதாக 2000-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. குடித்துவிட்டு வருபவனை யாரும் புரோகிராமை டெப்ளாய் பண்ணி லைவில் ஏற்றவிட மாட்டார்கள்.

மார்ச் 8, சனி

இன்றைக்கும் ஆபீஸ். புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அண்ணா, ஆரம்பத்துல இப்படி ஓடினாத்தானே மேல வர முடியும்?"

சட்டென்று இல்லை என்று சொல்ல முடியவில்லை. முதல் வருஷங்களில் நானும் ராத்திரி ராத்திரியாக சர்வர் எழுதிவைக்கும் பதிவுகளை (லாக்) படித்துக்கொண்டு கிடந்தவன்தான். யாரும் கேட்காமலேயே, அடுத்த டீமின் சர்வர் ஏன் விழுந்தது என்று தோண்டினேன். அந்த அறிவுதான் இன்றுவரை சோறு போடுகிறது. அந்த நேரத்தை வீண் என்று சொன்னால் நன்றிகெட்டத்தனம்.

ஆனால் இந்தப் பையன் நேற்று ராத்திரி வரைக்கும் செய்தது என்ன? ஒரே மாதிரியான டிக்கெட்டுகளை, அதாவது பதிவாகி வரும் புகார்களை, ஒன்றன்பின் ஒன்றாக மூடினான். "இந்த வாரம் புதுசா என்னடா கத்துக்கிட்ட?" என்றேன். யோசித்தான். "எக்ஸெல் ஷார்ட்கட்" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

ப்ரொடக்‌ஷன் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சிஸ்டம்) விழுந்து, அதை எழுப்ப விடிய விடிய ஆன்-கால் வேலை. கோபமே வரவில்லை. எங்கே முடியும் என்று தெரிந்த வேலை. இன்று லீவு.

மார்ச் 14, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் சீனாவின் '996' பற்றிப் பேச்சு. காலை 9 முதல் இரவு 9, வாரம் 6 நாள்: மொத்தம் 72 மணி நேரம். 2019-இல் அங்குள்ள புரோகிராமர்கள், புரோகிராம்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலேயே எதிர்ப்பைக் கிளப்பினார்கள். அப்படி உழைக்கக் கிடைப்பது பாக்கியம் என்றார் அலிபாபாவின் ஜாக் மா. 2021-இல் சீன உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது.

ஜாக் மா பொய் சொல்லவில்லை, அவருக்குப் பாக்கியம்தான். சொந்தக் கம்பெனி, சொந்தப் பங்கு. கையில் பங்கு இருப்பவருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் ஒரே மணி ஒரே விலை இல்லை. உடம்பு மட்டும் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்தே சொல்லின.

மார்ச் 18, செவ்வாய்

மேனேஜரிடம் பட்டியலோடு போனேன். கையில் இருக்கும் நாட்களில் எது முடியும், எது முடியாது, எந்த இரண்டு ஃபீச்சர்களை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளலாம். நேரம் பற்றி வாயே திறக்கவில்லை. எரின் ரீட் என்ற ஆய்வாளர் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் பார்த்தது நினைவில் இருந்தது: சத்தமில்லாமல் நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு நல்ல பெயரே கிடைத்தது; வெளிப்படையாகக் கேட்டவர்களுக்குத்தான் அடி.

மேனேஜர் பட்டியலை நீண்ட நேரம் பார்த்தார். ஒரு ஃபீச்சரைத் தள்ள ஒப்புக்கொண்டார். இன்னொன்று, ரிப்போர்ட் பக்கம், கட்டாயம் வேண்டுமாம். அதை யார் கேட்டார்கள் என்று நாளைக்கு விசாரிக்க வேண்டும்.