புல்லுக்குப் பங்கு வைத்த தேயிலை மலை

ஜப்பானுக்குப் போகிறோம் என்றதும் ஊரில் எல்லோரும் டோக்கியோவைத்தான் நினைத்தார்கள். நாங்கள் வந்து சேர்ந்தது ஷிசுவோக்கா மாநிலத்தின் காக்கேகாவா. கணவருக்கு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. புல்லட் ரயில் நிற்கும் ஊர்தான், ஆனால் கொஞ்ச தூரம் போனாலே தேயிலை வந்துவிடும். அவகதாகே மலைச்சரிவில் தேநீரைக் குறிக்கும் எழுத்தை சைப்ரஸ் மரங்களாலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். நான் வால்பாறைக்காரி. அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். பேச்சு, எழுத்து, குப்பை பிரிக்கும் முறை எல்லாமே புதிதாக இருந்த முதல் மாதங்களில், கவாத்து பண்ணிய செடி வரிசைகளைப் பார்த்தால் மட்டும் மனசு ஆறும்.

தோட்டங்களுக்கு நடுவே நல்ல சரிவு நிலம் புல் மண்டிக் கிடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. நான் வளர்ந்த எஸ்டேட்டில் புல்லைக் கண்டால் உடனே ஆள் விட்டு எடுப்பார்கள். இங்கேயோ அதை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். தெருச் சங்கத்தில் பழக்கமான ஒரு பாட்டிக்கு ஹிகாஷியாமா பக்கம் தோட்டம் இருக்கிறது. குளிர்காலத்தில் புல் அறுக்கக் கூட வருகிறாயா என்று கேட்டார். போன பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஆளுயரத்துக்கு மேல் வளரும் சுசுகிப் புல்லையும் குட்டை மூங்கிலையும் இலையுதிர் காலத்தில் அறுக்கத் தொடங்குகிறார்கள். கட்டுக் கட்டாகக் கட்டி, ஒன்றோடொன்று சாய்த்து நிற்க வைத்துக் காயவிடுகிறார்கள். காய்ந்ததும் நறுக்கி, தேயிலை வரிசைகளுக்கு இடையே கால் புதையும் அளவுக்குப் பரப்புகிறார்கள். சரிவில் கட்டைச் சுமந்து ஏறும்போது முதுகு விண்டுபோகும். பாட்டி என்னைவிட வேகமாக ஏறினார். ஓரிடத்தில் குனிந்து புல்லை விலக்கிக் காட்டினார். மேலே இந்த வருடப் புல், அடியில் பழைய புல், அதற்கும் அடியில் விரலால் தொட்டாலே உதிரும் கறுப்பு மண். ஈரம் காக்கும், களை எழும்பாது, மழையில் மண் கரைந்து ஓடாது. தேநீரின் ருசியும் மணமும் இதனால்தான் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தப் புல்வெளி. வருடா வருடம் அறுப்பதால் வெயில் தரைவரை இறங்குகிறது. அதனால் ஜப்பானில் அருகிவரும் கிக்யோ என்ற ஊதாப் பூ இங்கே பூக்கிறது. சிறகு சிறுத்துப் பறக்க முடியாத ஒரு வெட்டுக்கிளியும் இங்கே வாழ்கிறது, அதற்கு இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பறக்க முடியாத பூச்சிக்கு வேறெங்கே போக வழி? சில வருடம் அறுக்காமல் விட்டால் மூங்கிலும் மரமும் மூடிவிடும், அதோடு எல்லாம் போய்விடும். வீட்டுக் கூரைக்கும் மாட்டுக்கும் புல் தேவைப்படாத காலத்தில் நாடெங்கும் இப்படிப்பட்ட புல்வெளிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. தேயிலைக்குத் தேவைப்பட்டதால் இங்கே தப்பிப் பிழைத்திருக்கின்றன.

2013இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இந்த முறையை உலக வேளாண் மரபாக அறிவித்தது. பெருமைதான். ஆனால் அறிவிப்பு புல் அறுக்காது. அறுப்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். சமவெளியில் பெரிய இயந்திரங்களை ஓட்டி அறுவடை செய்யும் ககோஷிமா மாநிலம், 2024இல் முதல்கட்டப் பதப்படுத்தல் மட்டும் முடிந்த தேயிலையின் உற்பத்தியில் ஷிசுவோக்காவை முந்திவிட்டது. இயந்திரத்தில் அறுத்த இலையின் குறைந்த விலை பாட்டில் தேநீருக்குக் கட்டுப்படியாகும். சரிவில் கையால் புல் பரப்பிய இலைக்கு அதே விலை கொடுப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். இங்குள்ள பாக்கெட்டுகளில் ஒன்று முதல் மூன்று வரை இலைக் குறி இருக்கும். தோட்டத்தின் அளவுக்கு எவ்வளவு புல்வெளியைக் காக்கிறார்கள் என்பதற்கான அடையாளம் அது. மூன்று இலை போட்டதைத்தான் வாங்குகிறேன். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆவியில் வேகவைத்த இலை அது, தேநீர் கலங்கலான அடர்பச்சையில் இறங்கும். கொதிக்கிற தண்ணீர் ஆகாது, கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றி அரை நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிக்க என் நாக்குக்கு ஒரு வருடம் பிடித்தது.

பாட்டியின் பிள்ளைகள் நகரத்தில் இருக்கிறார்கள், திரும்புவதாகத் தெரியவில்லை. வரும் குளிர்காலத்துக்கு எங்கள் குடியிருப்பிலுள்ள பிரேசில், வியட்நாம் குடும்பங்களையும் கேட்டிருக்கிறேன், நாலு வீட்டார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கையுறை வாங்கி வைக்க வேண்டும், எல்லோருடைய கை அளவையும் எழுதிக் கொடு என்று நேற்றே பாட்டி கேட்டுவிட்டார்.