மேல்ஜன்னலில் கறுப்பு

நவம்பர் 17, கீழக்கரை

மாடி அறையில் படுத்திருந்த உம்மாவுக்கு நேற்றிரவு மறுபடியும் மூச்சிழுப்பு. அறைக்குள் மக்கிய வாடை. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஓட்டுச் சரிவில் வாப்பா ஆசையாக வைத்த தேக்கு ஜன்னல்கள் இரண்டு. கடல் பக்கத்து ஜன்னலின் கீழ்ச்சட்டம் முழுக்கக் கறுத்துக் கிடக்கிறது. மூலைகளில் சாம்பல் நிறப் பூசணம். துடைப்பத்தை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். காய்ந்த பூசணத்தைத் தட்டினால் அதன் தூள் அறையெங்கும் பறக்கும். உம்மாவைக் கீழ் அறைக்கு மாற்றியாகிவிட்டது.

நவம்பர் 18

"மழை ஒழுகுகிறது, ஓட்டுக்குத் தார் பூசச் சொல்" என்கிறார் ராத்தா (அக்கா). எனக்கு ஒப்பவில்லை. இந்தப் பருவத்து மழை வாடைக் காற்றோடு வடகிழக்கிலிருந்து வருகிறது. எங்கள் கடலோ தெற்கே. மழையை நேரே வாங்கும் வடக்கு ஜன்னல் நன்றாக இருக்கும்போது, மழைக்கு முதுகைக் காட்டி நிற்கும் தெற்கு ஜன்னல் மட்டும் ஏன் கெட வேண்டும்?

நவம்பர் 20

இரண்டு நாளாக மழை இல்லை, நேற்றிரவு வானமும் தெளிவு. விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்து மேலே போனேன். கண்ணாடியின் உட்பக்கம் முத்து முத்தாக நீர்! வழிந்து வழிந்து கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் தேங்கி நிற்கிறது. மழை பெய்யாத இரவில் வந்த நீர் வெளியிலிருந்து வந்திருக்க முடியாது.

தெளிந்த வானத்தின் கீழ் கண்ணாடி இரவில் குளிர்ந்துபோகிறது. வீட்டுக்குள் இருக்கும் ஆவி அதில் பட்டு நீராகிறது. அந்த ஆவியை ஊட்டியது நான்தான். அடுக்களைப் புகையும் ஆவியும் ஏறும் படிக்கட்டு அந்த ஜன்னலுக்கு நேர் கீழே முடிகிறது. மழைக்காலம் என்று ஈரத்துணிகளையும் அங்கேயே கொடி கட்டிக் காயப்போட்டேன். போதாததற்குக் கடல் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும். உப்புப் படிந்த சட்டம் எப்படிக் காயும்?

நவம்பர் 22

ஆசாரி ஐயா வந்தார். பூசணத்தைப் பார்த்து அவர் பதறவில்லை. "கோணி ஊசி இருக்கிறதா தாயி?" என்று கேட்டார். சட்டத்தின் நீளம் முழுக்கக் குத்திக்கொண்டே போனார். பெரும்பாலான இடத்தில் ஊசி இறங்கவில்லை. இடது முனையில் மட்டும் சோற்றுக்குள் இறங்குவதுபோல் அரை அங்குலம் போனது. "இந்த முனை வைரம் பாய்ந்த நடுமரம் இல்லை, ஓரத்து வெள்ளை மரம். அதனால்தான் அழுகியிருக்கிறது. மற்றதெல்லாம் மேல்பூசணம், மரத்தைத் தின்னாது" என்றார். போன வருடம் மழைக்காலத்திலேயே ஒருவர் வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். உள்ளே இருந்த ஈரத்தை மூடி போட்டு அடைத்ததுபோல் ஆயிற்று. அதை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆணிகளைச் சுற்றிய கருமை எனக்கு உறுத்தியது. வெளுப்புத் திரவத்தை இரண்டு இடத்திலும் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பார்த்தேன். மூலையில் விட்ட சொட்டுக்குக் கறுப்பு வெளிறியது, ஆணியடியில் வெளிறவே இல்லை. அது பூசணம் அல்ல. துருவும் தேக்கின் துவர்ப்பும் சேர்ந்த கறை. இரண்டையும் பூசணம் என்று நினைத்துச் சுரண்டியிருந்தால் நல்ல மரம்தான் போயிருக்கும்.

நவம்பர் 24

முகக்கவசமும் கையுறையும் அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, சோப்பு நீரில் பிழிந்த துணியால் பூசணத்தைத் துடைத்தெடுத்தேன். துணிகளை உடனே பைக்குள் கட்டிப் போட்டாயிற்று. துருக்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம். வெளுப்புத் திரவம் விட்ட இடத்தை முன்பே நன்றாகக் கழுவிவிட்டேன். அது இந்த அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். படிக்கும் யாரும் இதை மறந்துவிடாதீர்கள்.

டிசம்பர் 3

மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி வாங்கினேன். கீழ்ச்சட்டத்தில் 26 சதவீதம். 20க்கு மேல் இருந்தால் பூசணம் திரும்பவும் வரும். "ஒரே நாளில் வேலையை முடித்துவிடலாம்" என்றார் ஆசாரி ஐயா. காயட்டும் என்று கெஞ்சி ஒத்திப்போட்டேன். மின்விசிறி ஓடுகிறது.

டிசம்பர் 21

15 சதவீதம். அழுகிய முனையை வெட்டியெடுத்து, பழைய வீட்டுக் கதவொன்றின் வைரக்கட்டையைப் பொருத்தினார். இரும்பு ஆணிக்குப் பதில் பித்தளைத் திருகாணி. கண்ணாடியைச் சுற்றி வெடித்திருந்த மக்கையும் (புட்டி) புதிதாக வைத்தார். உப்புத்தாள் போடும் வேலையை முற்றத்தில் வைத்துக்கொண்டோம். மரத்தின் வெட்டுமுனைகளில் வார்னிஷ் இரண்டு மடங்கு குடித்தது. ஈரம் உள்ளே ஏறும் வழியும் அதுதான். அடுக்களையில் காற்றை வெளியேற்றும் விசிறி போட்டாயிற்று. துணிக்கொடி மாடியை விட்டுப் போய்விட்டது.

ஜனவரி 9

பனி கடுமை. விடியும் முன் ஏறிப் பார்த்தேன். கண்ணாடியில் மெல்லிய மூட்டம் மட்டும், வழிந்த தடம் இல்லை. சட்டத்தில் 14. இடது முனையில் ஊசி இறங்கவில்லை.

"மேலே வரட்டுமா?" என்று கீழிருந்து உம்மா கேட்டார். வார்னிஷ் வாடை போக இன்னும் நான்கு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். தலையணை உறையை மட்டும் இன்றே துவைத்து வைத்துவிட்டார்.