கத்திரி நின்ற நேரம்

இன்று காலை முடிதிருத்தகத்தில் நான் பாதி வெட்டிய தலையோடு அமர்ந்திருக்க, கடைக்காரர் கத்திரியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, காத்திருந்த பெரியவரிடம் தெருச் சாக்கடையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்.

எனக்கு எர்னி சேம்பர்ஸ் நினைவுக்கு வந்தார்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கறுப்பின மக்கள் செறிந்து வாழும் வட ஒமாகாவில் முடிதிருத்துபவராக இருந்த அவர், 1971-இல் மாநில செனட்டரானார். 49 பேர் கொண்ட ஒரே அவைதான் அங்கே. கோட்டும் டையுமாக அமர்ந்திருப்பவர்களுக்கு நடுவே ஜீன்ஸோடு எழுந்து, அவை விதிகளைக் கரைத்துக் குடித்த தெம்பில், பிடிக்காத மசோதாவை மணிக்கணக்கில் பேசியே முடக்கிவிடுவார்.

2007-இல் கடவுள் மீதே வழக்குத் தொடுத்தார். முகவரி இல்லாதவருக்கு அழைப்பாணை சேர்க்க முடியாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

பதவிக்கால வரம்பு 2009-இல் அவரை வெளியேற்றியது. நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்து, 2013-இல் அதே தொகுதியிலிருந்து திரும்பி வந்தார்.

மரண தண்டனையை ஒழிக்கும் மசோதாவை மட்டும் அவர் விடவேயில்லை. 1979-இல் அவை அதை நிறைவேற்றியும் ஆளுநர் தடுத்துவிட்டார். 2015-இல் மீண்டும் நிறைவேறியது. ஆளுநர் மறுபடி தடுத்தார். அந்தத் தடையை மீற 30 வாக்குகள் தேவைப்பட்டன. சரியாக 30 விழுந்தன.

முப்பத்தாறு ஆண்டு இடைவெளி! மறு ஆண்டே பொதுவாக்கெடுப்பில் மக்கள் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் ஆறவில்லை.

கடைக்காரர் என் தலைக்குத் திரும்பியபோது பெரியவர் வாதத்தில் தோற்றிருந்தார்.