நிற்கத் தெரிந்த குதிரை

காலை ஐந்தே முக்காலுக்கு லாயத்துக்குள் நுழைந்தால் முதலில் கேட்பது வாளியில் ஊறவைத்த கொள்ளு விழும் சத்தம். ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று சின்ன வயதில் பாட்டி என்னைத் திட்டுவாள். எங்கள் குதிரை ராணியிடம் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு வாய்ப்பு அமையவில்லை. குழந்தைகள் ஏறும் நேரத்தில் அவள் வாயில் இரும்பு கிடையாது, தலைக்கயிறு மட்டும்தான்.

நான் பிசியோதெரபிஸ்ட். சென்னையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். பெரிய ரப்பர் பந்தில் குழந்தையை உட்காரவைத்து இடுப்பைப் பிடித்து ஆட்டுவதுதான் அங்கே என் அன்றாடம். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சின்னக் குதிரையேற்ற சிகிச்சை மையத்தில் ஆள் கேட்டார்கள். பாதி ஆர்வம், பாதி அவநம்பிக்கையோடு போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே கையில் டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பினார்கள். லாயத்து மண்ணில் வேலை செய்பவர்களுக்கு அது கட்டாயம்.

வெளியாட்கள் நினைப்பதுபோல் குழந்தையைக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்று விடுவதல்ல இது. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் சரியும், கொஞ்சம் திரும்பவும் செய்யும். மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு அப்போது அசைவது, மனிதன் நடக்கும்போது இடுப்பு அசைவதைப் போலவே இருக்கும். பிறந்ததிலிருந்து நடந்தே அறியாத குழந்தையின் இடுப்புக்கு நடை எப்படி இருக்கும் என்பது அங்கேதான் முதல்முறையாகத் தெரிகிறது. குதிரை நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வைக்கும். 20 நிமிடத்தில் 2,000. பந்தை வைத்துக்கொண்டு நான் 200 தடவை ஆட்டுவதற்குள் என் தோள்பட்டை விட்டுப்போகும். போதாததற்குக் குதிரையின் உடம்புச் சூடு நம்முடையதைவிட ஒரு டிகிரி போல அதிகம், 38 செல்சியஸை ஒட்டி இருக்கும். மூளை முடக்குவாதத்தில் தொடைகள் கத்தரிக்கோல் மாதிரி இறுகிக் கிடக்கும் பிள்ளைகளுக்கு, சேணத்தை எடுத்துவிட்டு வெறும் கம்பளி விரிப்பில் உட்காரவைத்தால் அந்தச் சூட்டிலேயே பத்து நிமிடத்தில் கால் விரியத் தொடங்கும்.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. படித்தும் கண்ணில் படாதிருந்த ஒன்றைக் காட்டியவர் பாய்.

பாய் எங்கள் குதிரைக்காரர். முப்பது வருஷம் பந்தயக் குதிரைகளோடு இருந்தவர். ராணியும் பந்தயத்தில் ஓடி ஓய்ந்து வந்தவள்தான். பந்தயக் குதிரைக்குக் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் அது எதிர்த்துச் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போகத்தான் தெரியும். அந்தப் பழக்கத்தை மறக்கடிக்கவே பாய்க்கு ஒரு வருஷம் ஆனதாம். விரித்த குடை, உருளும் பந்து, சக்கர நாற்காலி, திடீரென்று வீறிடும் குழந்தை என ஒவ்வொன்றாகக் காட்டிப் பழக்கியிருக்கிறார். இடது பக்கம் மட்டுமே ஆள் ஏறிப் பழகியவளை வலது பக்கமும் ஏற்றுக்கொள்ள வைத்திருக்கிறார். கடைசியாகக் கற்றுக்கொடுத்தது, ‘ஹோ’ என்று மெல்லச் சொன்னால் அந்த அடியிலேயே நிற்பது.

ஆரம்பத்தில் அந்த நிறுத்தல் எனக்கு எரிச்சலாக இருந்தது. நடைதான் சிகிச்சை, நிற்கிற நேரமெல்லாம் நஷ்டம் என்பது என் கணக்கு. “நடக்கட்டும் பாய்” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் அவர் வேண்டுமென்றே பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தினார். மேலே இருந்தது ஆறு வயதுப் பையன், இரண்டு காலும் இறுக்கம், தரையில் உட்கார்ந்தால் இரண்டு கையையும் ஊன்றியாக வேண்டும். குதிரை நின்றதும் அவன் உடம்பு முன்னால் போனது, அங்கிருந்து தானே பின்னால் வந்தது. மறுபடி நடந்ததும் பின்னால் போய் முன்னால் வந்தது.

“நிக்கும்போதுதான் மேடம் தம்பி முதுகு வேலை செய்யுது. நடக்கையில குதிரை பாத்துக்குது.”

பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் எத்தனை சுற்று என்பதற்குப் பக்கத்தில் எத்தனை நிறுத்தம் என்றும் எழுத ஆரம்பித்தேன்.

அந்தப் பையனின் அம்மா முதல் நாளே கேட்டார், “இவன் நடந்துருவானா டாக்டர்?” எல்லா அம்மாக்களும் கேட்பதுதான். முன்பெல்லாம் நான் லிஸ் ஹார்ட்டெல் கதையைச் சொல்வேன். டென்மார்க்காரர். 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டியில், ஆண்களோடு சரிக்குச் சரி போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். குதிரையில் ஏறவும் இறங்கவும் ஒருவர் உதவ வேண்டியிருந்தது. நான்கு வருஷம் கழித்து மறுபடியும் வெள்ளி. இந்தச் சிகிச்சை ஐரோப்பாவில் பரவியதற்கு அவரும் ஒரு காரணம். நல்ல கதைதான், ஆனால் இப்போது பெற்றோரிடம் சொல்வதில்லை. ஹார்ட்டெல் நோய் வருவதற்கு முன்பே தேர்ந்த குதிரை வீராங்கனை. அந்தப் பாதியை விட்டுவிட்டுத்தான் கேட்பவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். ஆய்வுகளும் பெரும்பாலும் சிறு கூட்டத்தை வைத்துச் செய்தவை. உட்காரும் சமநிலைக்கு உதவுகிறது என்று சொல்லலாம், அதற்குமேல் நாக்கைக் கட்டிக்கொள்வது நல்லது.

ஐந்தாவது மாதம் ஒருநாள் அந்த அம்மா ஆட்டோக்காரர் அநியாயமாகக் கேட்டதைப் பொருமிக்கொண்டே வந்தார். பேச்சோடு பேச்சாக, “இட்லியை அவனே பிட்டுத் திங்கறான், ரெண்டு கையும் எடுத்துட்டான், கீழெல்லாம் சட்னி” என்றார். அவர் சட்னிக்காகத்தான் அலுத்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குதிரையா, வீட்டில் செய்த பயிற்சியா, ஒரு வயது கூடியதா என்று யாராவது கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

‘கிடையாது’ என்று சொல்வதும் இந்த வேலையில் உண்டு. அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா ஒன்பது வயது மகளை அழைத்துவந்தார். டவுன் சிண்ட்ரோம். புது சுடிதார், தலை நிறைய மல்லிகை. இந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள மூட்டு தளர்ந்திருக்கும், ஒரு குலுக்கலில் தண்டுவடம் நசுங்கலாம். கழுத்து எக்ஸ்ரேயும் நரம்பியல் பரிசோதனையும் இல்லாமல் ஏற்ற மாட்டோம் என்றேன். “காசு குடுத்துத்தானே வர்றோம்?” என்று சத்தம் போட்டார். விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி வந்தவர் வேறென்ன செய்வார்? பிறகு எடுத்த படத்தில் இடைவெளி அதிகமாகவே இருந்தது, ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அந்தப் பெண் இப்போது மாதம் ஒருமுறை வந்து ராணிக்குத் தேய்த்துவிடுகிறாள். ஏற வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தப்பையும் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் மாதம், ஏழரை மணிக்கே வெயில் ஏறிவிட்டது. “காது பின்னாடி போவுது மேடம், இன்னிக்குப் போதும்” என்றார் பாய். மேலே இருந்த குழந்தை அன்றுதான் முதல்முறையாகத் தலையைத் தூக்கி வைத்திருந்தாள். “அஞ்சே நிமிஷம் பாய்” என்றேன். வேலிக்கு அப்பால் தென்னை மட்டை ஒன்று விழுந்தது. வேறு நாளாயிருந்தால் ராணி திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அன்று ஒரே ஓர் அடி பக்கவாட்டில் துள்ளினாள். இரண்டு பக்கமும் தொடையின் மேல் கை போட்டு நடந்துவந்த தன்னார்வலர்கள் குழந்தையை அப்படியே தூக்கி இறக்கிவிட்டார்கள். கீறல்கூட இல்லை. பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியிருக்கலாம். அதற்குப் பிறகு அவர் ‘போதும்’ என்றால் போதும்.

போன வருஷம் மூன்று வாரமாக எல்லாப் பிள்ளைகளும் வலது பக்கம் சரிவதாக எனக்குப் பட்டது. ஒவ்வொருவருக்கும் விரிப்பை மாற்றினேன், துண்டை மடித்து வைத்தேன், முதுகெலும்பு வளைகிறதோ என்று ஒரு பெற்றோரிடம் கேட்டே விட்டேன். பாய் ராணியை மண்ணில் நடத்திக் காட்டி, குளம்புத் தடத்தை விரலால் அளந்தார். இடது பின்னங்கால் குட்டையாக விழுந்திருந்தது. ராணிக்குப் பத்தொன்பது வயது. குதிரையின் நடை கோணலானால் மேலே இருக்கும் இடுப்புக்கும் கோணலைத்தான் கற்றுக்கொடுக்கும். மருந்து கொடுத்து இன்னும் ஆறு மாதம் ஓட்டலாமா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று நானும் பாயும் சேர்ந்தே சொன்னோம்.

இப்போது அவளுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் புல் மேய்கிற வேலை. ஆறு மணிக்கு முதல் குழந்தை ஏறியதும் வேலியோரமாக வந்து கூடவே நடக்கிறாள். பாய் ‘ஹோ’ என்றதும் அங்கே நின்றுவிடுகிறாள். இந்தப் பக்கம் புதுக் குதிரை இன்னும் இரண்டடி போய்த்தான் நிற்கிறது.